லேமினேட் செய்த மூளை

என் மூளையை என் மச்சான் லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

மூளையை என்றால், மூளையைப் படம் எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த ரிப்போர்ட்டை. மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். எங்கள் பக்கத்தில் முக்கியமான காகிதம் எது கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அதைக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவார்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கோயில் கமிட்டி கொடுத்த நன்றிக் கடிதம் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும். தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகி ஒழுகிக் காகிதங்களைப் பறிகொடுத்த ஜனங்கள் நாங்கள். தோட்டத்தை விட்டு புஞ்சாக் ஆலாமில் கல் வீட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. மகள்தான் ஹாலில் நின்றபடி படித்துச் சொன்னாள்.

"மேஜரா ஒன்னும் இல்லப்பா. கட்டி இல்ல, ரத்தக் கசிவு இல்ல, ஸ்ட்ரோக் இல்ல. வெள்ளைப் புள்ளி ரெண்டு மூனு இருக்காம். இந்த வயசுல நிறையப் பேருக்கு இருக்குமாம்."

"அப்புறம் என்னா மாப்ள, கிளியர்லா!" என்று மச்சான் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"மொதல்ல மூளை இருக்குதுன்னு எழுதியிருக்கானா பாருமா" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சாமி மேடைக்குப் போய் விபூதி எடுத்து வந்து என் நெற்றியில் பூசினாள். மறுநாளே மச்சான் கோல சிலாங்கூர் டவுனுக்குப் போய் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக்குக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

கிளியர். அந்த வார்த்தையை இப்போது கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று அந்த ஹாலில் இருந்த யார் மேலும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பது தெரியும். இருந்தாலும் வருகிறது. ஏனென்றால் அந்த ஸ்கேன் தலைவலிக்காக எடுத்தது. எனக்குத் தலைவலியே கிடையாது.

எனக்கு இருந்தது வேறு. அதைச் சொல்ல என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் வேன் ஓட்டுபவன். ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் பதினான்கு பெண்களைக் காலையில் ஏற்றி, ரவாங்கில் ஒரு பேக்டரியில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். பெண்கள் என்றால் இருபது வயதிலிருந்து ஐம்பத்தைந்து வரை. காலையில் அவர்கள் தூங்கி வழியாமல் இருக்க நான் கதை விடுவேன். கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கிற ஆள் வேறு. எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பது எனக்கு அத்துப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் ஒருநாள் கதை சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். நிறுத்தினேன் என்பதே தப்பு. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சற்று முன்னால் சூராவ் பள்ளிவாசல் பக்கம் வந்துகொண்டிருந்த வண்டி இப்போது எண்ணெய் நிலையத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் இருந்த ரோடு என்னிடம் இல்லை. பின்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"அண்ணே, என்னா ஆக்டிங்ணே! அப்படியே பொம்ம மாதிரி!" என்றாள் ஒருத்தி.

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அப்படி ஆனது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே எழும்பி வருவதுபோல இருக்கும், ரப்பர் கருகுகிற வாடை வரும், அப்புறம் ரோட்டில் கொஞ்சம் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் பின்னால் சிரிப்புதான். முப்பது வருஷமாக ஊரைச் சிரிக்கவைத்தவனுக்கு நோயும் சிரிப்பாகத்தான் வரும்போல.

ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்து வரும் அக்கா. வயதில் மூத்தவர், புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். ஒருநாள் மற்றவர்கள் இறங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, எங்க போயிட்டு வந்த நீ?"

"சிங்கப்பூர்க்கா. உங்களுக்குத் தைலம் வாங்கியாந்தேன்."

"இந்த வாயெல்லாம் என்கிட்ட வேணாம். போய் டாக்டரப் பாரு."

பார்த்தேன். கிளினிக்கில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண் டாக்டர், என் மகளைவிட நாலைந்து வயது பெரியவர். "என்னா செய்யுது அங்கிள்?" என்று கேட்டார். என் வாயிலிருந்து வந்த பதில்: "தலைவலி."

அது நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை. எங்கள் ஜனங்களின் உடம்பில் ஊறிப்போன பதில். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் முன்னால் என் அப்பா வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் டிரெசரிடம் காய்ச்சல் என்றுதான் சொல்வார். காய்ச்சல் என்றால் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துப் பார்ப்பார்கள், கொஞ்சம் சூடு இருந்தால் லீவு சீட்டு கிடைக்கும். குழாயில் தெரியாத எந்த நோயைச் சொன்னாலும் "நடிக்கிறான்" என்று வேலை வாங்குகிற மண்டோரிடம் ஆள் போகும், மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் மானம் போகும். அதனால் என்ன வலி இருந்தாலும் அவர்கள் ஒத்துக்கொள்கிற வலி எதுவோ அதைச் சொல்ல வேண்டும். நெஞ்சடைப்பைக் காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லியே காய்ச்சல் மாத்திரை தின்று அப்பா போய்ச் சேர்ந்தார். அதைக் கண்ணால் பார்த்த மகன் ஐம்பத்து இரண்டு வயதில், ஏர்கான் போட்ட அறையில், தமிழ் பேசுகிற டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறேன். இங்கே மண்டோரும் இல்லை, பெரட்டும் இல்லை. யாருக்காகப் பொய் சொன்னேன்?

லைசென்ஸுக்காக. அது ஒன்று. இன்னொன்று, மகளுக்கு ராசா என்கிற ஊரில் ஒரு மாப்பிள்ளை இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பனுக்கு இழுப்பு என்று பேச்சு கிளம்பினால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள், பிறக்கப்போகிற பிள்ளைக்கும் வரும் என்பார்கள். அந்த வார்த்தை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வலிப்பு. தெரிந்துதான் தலைவலி என்றேன்.

அதோடு விட்டேனா? எனக்கென்று ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. தலைவலியை எவ்வளவு பெரிதாகச் சொன்னால் ஸ்கேனுக்கு அனுப்புவார்களோ அவ்வளவு பெரிதாகச் சொன்னேன். காலையில் எழும்போதே வலி, குமட்டல், கண் மங்கல் என்று போனில் படித்ததையெல்லாம் அள்ளிவிட்டேன். நான் வாயைத் திறக்காமலே மிஷின் உள்ளே பார்த்து, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிடும். அப்புறம் நான் சொன்னதாக இருக்காது, மிஷின் சொன்னதாக இருக்கும். அப்படிக் கணக்குப் போட்டேன்.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஐந்து மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அந்த ஐந்து மாதமும் நான் வேன் ஓட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஸ்கேன் எடுத்த அன்று என்னை ஒரு குழாய்க்குள் தள்ளி, "ஜாங்கான் கெராக்" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மலாய்க்காரத் தம்பி. அசையக் கூடாதாம். உள்ளே உறுமி மேளக்காரர்கள் நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு தாளம் அடித்ததுபோல ஒரே இரைச்சல். நான் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் அந்த மிஷினிடம் கெஞ்சினேன். கண்டுபிடி, கண்டுபிடி. என்னைச் சொல்ல வைக்காதே.

அது கண்டுபிடிக்கவில்லை. "தலைவலிக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை, டென்ஷனைக் குறையுங்கள்" என்று சொல்லி ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது.

மச்சான் அந்தப் பிளாஸ்டிக் மூளையை ராசாவுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். யாரோ அங்கே, பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரிக்கு அலைகிறாராமே என்று கேட்டார்களாம். "மாப்ள, ரிப்போர்ட்டத் தூக்கி மேசையில போட்டேன் பாரு, ஒரு பேச்சு வரல! எங்காளு மண்டைக்கு கவர்மெண்டே சர்டிபிகேட் குடுத்திருக்குன்னேன்" என்று ஒரே பெருமை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்போது ஒரு பெருமை வந்தது. சர்டிபிகேட் வைத்திருப்பவனுக்கு நோய் எப்படி வரும்?

இரண்டு வாரம் கழித்து வந்தது. காலை ஏழரை மணி இருக்கும், நல்ல வெளிச்சம். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஒற்றை ரோடு. கருகல் வாடை வந்ததுதான் தெரியும். அடுத்து எனக்குக் கேட்டது ஹார்ன் சத்தம், லோரி ஹார்ன், காதுக்குள் புகுந்து குடைந்தது. அக்காவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. வண்டி இடது பக்கம் புல்லில் ஏறிக் கால்வாயை ஒட்டி நின்றது. பழக்குலை ஏற்றிய லோரி எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. 

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிப் பார்த்து, "எல்லாரும் முழிச்சிட்டீங்களா? இதுக்குத்தான் அண்ணன் இந்த டெக்னிக் வெச்சிருக்கேன்" என்றேன். பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கவும் சிரித்தார்கள்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினார்.  என் பக்கம் சுற்றி வந்து ஜன்னலில் கை வைத்தார்.

"நானும் ரெண்டு வாரமா கேக்குறேன், கிளியரு கிளியருன்னு. உன் மண்ட கிளியரா இருந்தா நீயே வெச்சுக்க. என் புள்ளைங்களுக்கு நான் ஒருத்திதான். இதுங்களும் எவளோ ஒருத்தி பெத்த புள்ளைங்க. சிரிக்க வெச்சே கொன்னுப்புடுவியாடா நீ?"

அக்கா என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.  பின்னால் வந்த ஒரு சீன லோரிக்காரர் நிறுத்தி விசாரித்தார். பேக்டரிக்குப் போன் போட்டு வேறு வண்டி வரவழைத்தோம். நான் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செம்பனை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் வந்து வண்டியையும் என்னையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வீட்டில் சொன்னேன். தலைவலி பொய் என்று, ரோடு காணாமல் போவதை, கருகல் வாடையை, எல்லாவற்றையும். வலிப்பாக இருக்கலாம் என்ற வார்த்தையையும் சொன்னேன். மச்சான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவா பேசு மாப்ள. அந்த வார்த்தைய வெளிய உட்றாத. ரிப்போர்ட்டே சொல்லிருச்சு ஒன்னும் இல்லன்னு. நீயா ஏன் இழுத்து உட்டுக்குற? பொண்ணு காரியம் முடியட்டும், ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்க."

"ஒரு மாசத்துல எத்தன தடவ ஓட்டணும் தெரியுமா மச்சான்?"

"மெல்ல ஓட்டுலா!"

நான் மேசையில் குத்தினேன். அதுவரை என் வீட்டில் நான் மேசையில் குத்தியதில்லை. தட்டுகள் எகிறின. அப்போதுதான் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியுங்க. சாப்புடறப்ப ரெண்டு மூனு தடவ பாத்திருக்கேன். சும்மா சொவத்த பாத்துக்கிட்டு இருப்பீங்க, கூப்ட்டா பேச மாட்டீங்க."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நான் பேசுறப்ப எப்பவுமே அப்படித்தானே இருப்பீங்க! எனக்கு எப்படித் தெரியும் இது வேறன்னு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. மகள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேசியது யாரிடம் என்று தெரியவில்லை, எல்லோரையும் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்காகத்தான் மூடி மறைக்கிறீங்கன்னா, என்னை யாராச்சும் கேட்டீங்களா? வேன்ல யாராவது செத்திருந்தா அந்தக் கல்யாணத்துல நான் மாலை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேனா? ராசாவுக்கு நானே போன் பண்றேன். மாமா, நீங்க பண்ண வேணாம்." பண்ணினாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இதை எழுதும்வரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் லேமினேட் செய்து வைத்து யோசிக்கிறார்களோ என்னமோ.

மறுநாள் கிளினிக். அதே டாக்டர். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் இறுகியது.

"அங்கிள், ஆறு மாசம் முன்னாடி இதே சேர்ல உட்கார்ந்து தலைவலின்னு சொன்னீங்க. நான் தலைவலிக்குத்தான் லெட்டர் எழுதினேன். டிரைவர்னு தெரிஞ்சும் நான் தோண்டிக் கேட்கல, அது என் தப்பு. ஆனா நீங்க?"

"ஸ்கேன் காட்டிரும்னு நெனச்சேன் டாக்டர்."

"ஸ்கேன் படம்தான் அங்கிள். இந்த மாதிரி உள்ளவங்கள்ல நிறையப் பேருக்குப் படம் கிளியராதான் வரும். படம் கிளியர்னா ஆளு கிளியர்னு யார் சொன்னா? அந்த வெள்ளைப் புள்ளிய வெச்சும் ஒன்னும் சொல்ல முடியாது. அது பாட்டுக்கு இருக்கும்."

வண்டி ஓட்டுகிறவனுக்கு அது புரிந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பானட்டைத் திறந்து போட்டோ எடுத்தால், ஓடும்போது எங்கே திணறுகிறது என்று போட்டோவில் எப்படித் தெரியும்? இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கத்தலாம் என்று நினைத்தேன். நான் கேட்டால்தானே சொல்வார்கள்.

தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற இன்னொரு டெஸ்ட் இருக்கிறதாம். "அதுவும் கிளியரா வரலாம்" என்றார் டாக்டர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்துல இருந்து பார்த்த ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

அக்கா வெளியே உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, மனைவி போன் போட்டிருக்கிறாள். உள்ளே வந்தவரிடம் டாக்டர் கேட்டார், அந்த நேரத்தில் நான் என்ன செய்வேன், அதைச் செய்து காட்ட முடியுமா என்று. அக்கா கொஞ்சம் தயங்கினார். பிறகு நாற்காலியில் நேராக உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிப்பதுபோல வலது கையை நீட்டினார். கண் அப்படியே எங்கோ நின்றது. வாய் ஒன்றுமில்லாததைச் சப்பியது. இடது கை சட்டைப் பொத்தானைத் தேடித் தேடித் தடவியது, ஒரு பைத்தியக்காரன் தடவுவதுபோல. அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் கண் திரும்பி வந்து, என் குரலில், "சிங்கப்பூர்க்கா" என்றார்.

நான் நூறு பேரைப்போல நடித்துக் காட்டியவன். என்னை யாரும் எனக்கு நடித்துக் காட்டியதில்லை. அந்த ஆளைப் பார்த்தால் யாரும் சிரிக்க முடியாது. எப்படிச் சிரித்தார்கள் மற்ற பதின்மூன்று பேரும்? நான் எப்படிச் சிரிக்கவைத்தேன் அவர்களை?

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். வலிப்பில் இதுவும் ஒரு வகையாக இருக்கலாம், ஸ்பெஷலிஸ்ட் பார்த்து மாத்திரை தொடங்குவார் என்றார். "ஸ்கேனைவிட இந்த அக்கா சொன்னதுதான் எனக்கு உதவி" என்றார். பழைய ரிப்போர்ட்டில் ஏதோ குறிக்கப் பேனாவை வைத்தார், பிளாஸ்டிக்கில் மை ஒட்டாமல் வழுக்கியது. "இத யாரு லேமினேட் பண்ணது?" என்று கேட்டார். மச்சான் நல்லவேளை வெளியே நின்றிருந்தார். கடைசியாகச் சொன்னது: "வண்டி ஓட்டக் கூடாது. இன்னைலேருந்து. வேன் மட்டும் இல்ல, மோட்டார் சைக்கிளும்தான்."

பிழைப்பே அதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றேன்.

பதினான்கு பேர் வேலைக்குப் போக வேண்டுமே. ஓய்வு பெற்ற லோரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓட்ட ஒத்துக்கொண்டார். யாரை எங்கே ஏற்றுவது என்று அவருக்குத் தெரியாது. வழி காட்ட முதல் நாள் நானும் ஏறினேன். முன் சீட்டை நோக்கிப் போனேன். அக்கா அசையவில்லை. கடைசிச் சீட்டுக்குப் போனேன்.

சொந்த வேனில் நான் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் இடுப்பில் ஏதோ குத்தியது. சீட்டு கிழிந்து உள்ளே இருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் யாரோ பழைய துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஏறிக் குத்தியது. ரவாங் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எவ்வளவு நாளா இருக்கு இது?" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஒரு வருஷம் இருக்கும்ணே."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல? வாயில்லையா உங்களுக்கு?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எத்தனையோ தடவ சொன்னோமேண்ணே. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் ஜோக் அடிச்சிட்டுப் போயிட்டீங்க."